இரண்டாம் பாகத்துக்கு ஓர் அலறல்

சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

காலை பத்து மணிக்கு முப்பது பேரை மட்டும் கூட்டி உட்காரவைத்து, இன்னும் முழுசாக வேலை முடியாத படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கதாநாயகி மாடிப்படியில் தனியாக நிற்கிறாள். பின்னால் சாவிக்கொத்து குலுங்குகிறது. திரும்புகிறாள், பார்க்கிறாள், வாயைத் திறந்து அலறுகிறாள். மூன்றாவது வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்புத்தான் ஒட்டுவாரொட்டி ஆயிற்றே! பக்கத்து நாற்காலிக்குத் தாவி, அடுத்த வரிசைக்குத் தாவி, கொலைகாரன் கத்தியை ஓங்கும்போது அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. நகைச்சுவைப் படத்துக்கு யாரும் சிரிக்காவிட்டாலாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கொலைப் படத்துக்குச் சிரித்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் ஒலிப்பதிவாளர். முப்பது வருஷமாக இதே தொழில். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, காதண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவர் போனில் 'ஹலோ' சொன்னால் போதும், எந்தப் பக்கத்துப் பல் வலிக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு. அந்த மனிதர் அன்றைக்குத் தன் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று பார்த்தார்.

"அந்தக் கத்தல்தான்யா கெடுத்துச்சு" என்றார் டைரக்டர், விளக்கு போட்டதும். "நடிக்க வந்த பொண்ணு எலியைப் பார்த்த மாதிரி கத்துது. முதல் படத்துக்குக் குரல் குடுத்த நம்ம குரலக்காவைக் கூப்பிடு. அவ கத்தினா படம் நிக்கும்."

காதண்ணன் போனைத் தொடவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதல் படத்துக்குப் போக வேண்டும்.

முதல் படம் வந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. சின்னப் படம். ஒரு வீடு, ஒரு மாடிப்படி, மூன்றே மூன்று கொலை. ஊரில் பூட்டு ரிப்பேர் செய்கிற ஆள், ஒவ்வொரு வீட்டுச் சாவிக்கும் தனக்கென்று ஒரு நகல் செய்து வைத்துக்கொள்கிறான். பிறகு ஒரு நாள் கத்தியோடு வந்து கதவைத் திறக்கிறான். அவ்வளவுதான் கதை. ரத்தத்தைக்கூட ஒரே ஒரு தடவைதான் காட்டினார்கள். ஆனால் சாவிக்காரன் என்றால் பெரியவர்களே இரண்டு தரம் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்கள். பூட்டு விற்கிறவர்களுக்கு அந்த வருஷம் யோகம். எல்லாவற்றுக்கும் காரணம் கடைசியில் வரும் நான்கு விநாடி அலறல் என்று படம் பார்த்த அத்தனை பேரும் சொல்வார்கள். அதில் பயம் மட்டும் இல்லை. வேறு என்னவோ இருந்தது. கேட்டவர்களுக்குத் தங்கள் வீட்டில் யாருக்கோ எதுவோ ஆகிவிட்டது போலப் பதறியது.

இப்போது இரண்டாம் பாகம். மூன்று வீடு, பதினொரு கொலை, லிஃப்டில் ஒன்று, நீச்சல் குளத்தில் ஒன்று. ரத்தத்தைக் குடம் குடமாக ஊற்றியிருந்தார்கள். 'முதல் படத்தைத் தொடுமா?' என்பதுதான் போகிற இடமெல்லாம் டைரக்டரைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி. மனிதர் நடுவில் எடுத்த ஆறு படமும் படுத்துவிட்டன. அந்தக் கேள்வியைக் கேட்டால் இப்போதெல்லாம் அவருக்குக் கண் துடிக்கிறது.

அந்த நான்கு விநாடி எப்படிக் கிடைத்தது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

குரல் கொடுக்கிற வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வசனமெல்லாம் முடிந்தபிறகு, கடைசியில்தான் அலறலைப் பதிவு செய்வார்கள். முன்னாலேயே கத்திவிட்டால் தொண்டை போய்விடும்; அப்புறம் அன்றைக்கு ஒரு வார்த்தை தேறாது. குரலக்கா அன்றைக்கு முழு வசனத்தையும் பேசி முடித்து, வெந்நீர் குடித்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்பது தடவை கத்தினாள். ஒன்பதும் நன்றாகத்தான் இருந்தன. டைரக்டருக்குப் போதவில்லை. ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதி, காதண்ணன் பக்கம் தள்ளினார். "படி. ஒரு நிமிஷந்தான். உடனே சும்மான்னு சொல்லிடலாம்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேசுவது உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டுமானால் ஒரு பட்டனை அமுக்கிப் பேச வேண்டும். காதண்ணன் அமுக்கினார். படித்தார்.

"ம்மா, ஸ்கூல்லேர்ந்து போன். உன் பொண்ணு மாடியிலேர்ந்து விழுந்துட்டாளாம். தலையில அடியாம்."

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த நான்கு விநாடி. ஐந்தாவது விநாடி அவள் ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினாள். செருப்பு உள்ளேயே கிடந்தது. காதண்ணன் பின்னாலேயே ஓடி, வாசலில் பிடித்தும்விட்டார். மூச்சு வாங்க நின்றார், உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் டைரக்டரின் கார் வந்து நின்றது. என்ன செய்தார் தெரியுமா இந்த மகானுபாவர்? கார்க் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறியதும் பத்திரமாகச் சாத்தினார்.

பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நிமிஷம். குழந்தை வகுப்பில் உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ தப்பாகப் போன் செய்துவிட்டார்கள் என்று சொன்னார்கள், அவளும் நம்பினாள். காரை அனுப்பிய டைரக்டருக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். செருப்பை எடுத்து வைத்திருந்து கொடுத்ததற்காக, கூடவே ஓடி வந்ததற்காக, காதண்ணனுக்கு ஒரு சட்டை வாங்கி வந்து கொடுத்தாள். "கூடப் பிறந்தவன்கூட இப்படி ஓடி வந்திருக்க மாட்டான்ணே" என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்?

அன்றிலிருந்து அவர்தான் அவளுக்கு அண்ணன். அவள் கணவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நின்றார். குழந்தை அவரை 'மாமா' என்று கூப்பிட்டு, அவர் தோளில் ஏறி வளர்ந்தது. குற்ற உணர்ச்சியில் செய்தது எவ்வளவு, பாசத்தில் செய்தது எவ்வளவு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு நாதியில்லை.

அவளுக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டது. போனைக் கையை விட்டு வைக்கவே மாட்டாள். சமைக்கும்போது கையில், பஸ்ஸில் கையில், குளிக்கப் போனால் ஜன்னலில். பதிவு அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், மகளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, காதண்ணன் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாள். அவர் இல்லாத இடத்தில் வேலையே வேண்டாம் என்று எத்தனை வாய்ப்பை உதறியிருக்கிறாள்!

சரி, இப்போது டைரக்டரிடம் வருவோம். அந்தச் சிரிப்புக்கு அடுத்த நாள் ஒலிக்கூடத்துக்கு வந்தவர், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அவ பொண்ணுக்கு இது எத்தனாவது மாசம்?"

காதண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், இது ஒன்பதாவது மாதம்.

"சார், வேண்டாம் சார்."

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன்னு சொல்லு. அவ்வளவுதான். ரெண்டே நிமிஷம். உடனே உண்மையைச் சொல்லிடலாம்."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க."

"யோவ், ரெண்டாம் பாகம்யா இது. எல்லாம் ஒரு படி மேல இருக்கணும். அன்னிக்கு அஞ்சு வயசுக் குழந்தை. இன்னிக்கு தாயும் பிள்ளையும்." சொல்லிவிட்டு அவருக்கே என்னவோ செய்திருக்க வேண்டும், கண்ணைக் கசக்கிக்கொண்டார். "இதுவும் விழுந்தா நான் முடிஞ்சேன். என்னை எவனும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்."

"நான் அமுக்க மாட்டேன் சார்."

"நீ அமுக்காட்டிப் போ. ஒரு பட்டன்தானே, எனக்கு விரல் இல்லையா?" எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பினார். "அவகிட்ட முன்கூட்டியே சொல்லிடலாம்னு மட்டும் நினைக்காதே. சொன்னா முழுசையும் சொல்லணும். அன்னிக்கு அவ காதுல கேட்டது யார் குரல்? என் குரலா?"

அந்த ஆளுக்குப் படம் எடுக்கத் தெரிகிறதோ இல்லையோ, எங்கே அடித்தால் வலிக்கும் என்று நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் காதண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாவிட்டால் அவள் இன்னொரு தடவை சாக வேண்டும். சொல்லிவிட்டால் அவள் இவருக்கு இல்லை, அவள் மகளும் இல்லை. நல்ல ரத்த அழுத்தக்காரி வேறு; மாத்திரை போட்டுக்கொள்கிறவள். போன் எடுத்து எண்ணை அழுத்தினார். "சொல்லுங்கண்ணே" என்று அந்தப் பக்கம் கேட்டது. "தொண்டை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை அவளே சிரித்தாள். "என் தொண்டைக்கு நீங்கதான்ணே இவ்வளவு கவலைப்படறீங்க. நான்கூடப் படல."

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் குரலக்கா பதிவுக்கு வந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது, நடை மட்டும் அதே வேகம். வரும்போதே மகளிடம் பேசிக்கொண்டே வந்தாள். "படி ஏறாதடி. துணியை அவர் காயப்போடட்டும், கை தேய்ஞ்சா போயிடும்? சரி, வேலை இருக்கு. வைக்கறேன்." போனை நீட்டினாள். "இந்தாங்க, பாத்துக்கோங்க. இன்னும் பத்து நாள் இருக்குன்னு டாக்டர் சொல்றாரு, ஆனா இதெல்லாம் டாக்டரைக் கேட்டா வருது? நீங்க வெச்சிருந்தாதான் எனக்கு நிம்மதி." அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டைரக்டரைப் பார்த்ததும் அவள் வழக்கம்போலக் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். அவரும் காதண்ணனும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை, ஆளுக்கொரு காரணம்.

வசனம் கொஞ்சந்தான். நாலரைக்கு முடிந்துவிட்டது. பிறகு அலறல். முதல் தடவை கத்தினாள், பழுதில்லை. இரண்டாவது, மூன்றாவது. ஐம்பது வயசுத் தொண்டை என்ன கொடுக்குமோ அதற்கு மேலேயே கொடுத்தாள். அந்த நடிகைப் பெண்ணைவிட ஆயிரம் மடங்கு மேல், யாரும் சிரிக்க மாட்டார்கள். "இது போதும் சார்" என்றார் காதண்ணன். "சத்தியமாப் போதும்."

"முதல் படத்தைத் தொடுதா? உன் காதை வெச்சுச் சொல்லு."

தொடவில்லைதான் என்று காதண்ணனின் காதுக்குத் தெரியும். அது வேறு.

"பதிவு ஓடட்டும். நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டு டைரக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கை பட்டனை நோக்கிப் போயிற்று.

அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தார் காதண்ணன். பருமனான அந்த இரட்டைக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனார். பதிவு நேரத்தில் அவர் அப்படி உள்ளே போனதே கிடையாது. குரலக்கா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "என்னண்ணே, மைக்ல கோளாறா?" என்றாள்.

"ம்மா, உன் பொண்ணு நல்லா இருக்கா. யார் என்ன சொன்னாலும் நம்பாதே. அவளுக்கு ஒண்ணுமில்ல."

"அவளுக்கென்ன? இப்பதானே பேசினேன்." சிரிக்கப் பார்த்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "யார் என்ன சொல்லப் போறாங்க?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன்னு சொல்லப் போறாங்க. நீ கத்தறதுக்காக."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்குகிற விஷயமா அது?

"அன்னிக்கும் அப்படித்தான்ம்மா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஸ்கூல்லேர்ந்து தப்பான போன் ஒண்ணும் வரல. போனே வரல. அவர் எழுதிக் குடுத்தார். நாந்தான் படிச்சேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"கார்க் கதவைத் திறந்துவிட்டீங்களே?"

"ஆமா."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அப்போது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் இல்லை. மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்த மூச்சு பாதி வழியில் கிழிந்தது. உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் சின்னதாக, மிகச் சின்னதாக ஒரு சத்தம். காதண்ணனின் அந்தப் பாழாய்ப்போன காது, முப்பது வருஷம் பழகின காது, அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது: இது கிடைக்காது, இது முதல் படத்தையும் தாண்டிவிட்டது என்று சொல்லியது. சீ என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது அவருக்கு.

அவள் கழுத்திலிருந்த ஹெட்போனில் டைரக்டரின் குரல் கீச்சென்று கேட்டது. "கிடைச்சிடுச்சு! காது, கிடைச்சிடுச்சுய்யா! அப்படியே விழுந்திருக்கு!"

இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

காதண்ணன் வெளியே வந்தார். டைரக்டரின் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனந்தக் கண்ணீர். "கேட்டியா? முதல் படத்தையே தூக்கிச் சாப்பிட்டுடும்யா இது. கதாநாயகி கத்தவே வேண்டாம். இது போதும். ஜனங்க உறைஞ்சு போயிடுவாங்க." காதண்ணன் கம்ப்யூட்டர் முன் குனிந்து அந்தப் பதிவைத் தேர்ந்தெடுத்து அழித்தார். அழித்ததைக் குப்பையிலிருந்தும் அழித்தார். டைரக்டர் முதலில் அவர் சேமிக்கிறார் என்றுதான் நினைத்தார். புரிந்தபோது காதண்ணன் கையைப் பிடித்துக் கெஞ்சினார், பிறகு சட்டையைப் பிடித்து உலுக்கினார், பிறகு நாற்காலியில் தொப்பென்று விழுந்து, "என்னைக் கொன்னுட்டியேடா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கதவருகில் குரலக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள், பையை மாட்டிக்கொண்டிருந்தாள், முகம் மட்டும் வெளிறிக் கிடந்தது.

"அழிச்சுட்டேன்ம்மா" என்றார் காதண்ணன். "சுத்தமா அழிச்சுட்டேன். இனி யாரும் கேட்க முடியாது."

"முதல் படத்துல இருக்கறது?" என்று கேட்டாள்.

அவர் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அதை எத்தனை வீட்ல கேட்டுக்கிட்டிருக்காங்க! டீவில வரும்போதெல்லாம் என் பொண்ணு, அம்மா உன் குரல்மான்னு பக்கத்து வீட்டையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவா. நானும் பெருமையா உக்காந்திருப்பேன்." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அந்தக் கார்ல நாப்பது நிமிஷம். குழந்தைக்கு எந்த கவுனைப் போட்டு எடுத்துட்டுப் போறது, மஞ்சளா, நீலமான்னு யோசிச்சேன். அவ உசிரோட இருக்கும்போதே யோசிச்சேன். பெத்தவ நினைக்கற நினைப்பா அதுன்னு இத்தனை வருஷமா என்னைத்தான் சபிச்சுக்கிட்டிருக்கேன்."

"ம்மா..."

அவள் கையை நீட்டினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தார், அடித்திருந்தால் தேவலை. போனைத்தான் கேட்டாள். அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கிய கையோடு மகளை அழைத்தாள். அறை அமைதியாக இருந்ததால் அந்தப் பக்கக் குரலும் தெளிவாகக் கேட்டது.

"என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுடி. உக்காந்திருக்கியா? குழந்தை அசையுதா?"

"அசையுதும்மா, நல்லா உதைக்குது. ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கத்தினேன்ல. அதான்."

"சரி, மாமாகிட்ட குடு. குழந்தைக்குப் பேர் யோசிக்கச் சொன்னேன், தப்பிச்சுக்கிட்டே இருக்காரு. பக்கத்துலதானே இருப்பாரு?"

காதண்ணன் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றார். அவள் அவரை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"இல்லடி" என்றாள். "இங்க யாரும் இல்ல."